நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் போராடிய பேறுகால உரிமை

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்களில் பட்டியலினத்தவர் ஏராளம். பிள்ளைப்பேறு என்றதும் இவர்களுக்கு வரும் முதல் கவலை, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி யார் தருவது என்பதுதான். இந்தக் கேள்வியைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோய் வாதாடியவர்களில் ஒருவர் அண்ணல் அம்பேத்கர். அரசியல் சட்டத்தை எழுதியவராக அவரை எல்லோருக்கும் தெரியும். தொழிலாளிப் பெண்ணின் பேறுகாலத்துக்காக அவர் பாடுபட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1891 ஏப்ரல் 14-ல் மாவ் ராணுவக் குடியிருப்பில், பெற்றோருக்குப் பதினான்காவது பிள்ளையாக அவர் பிறந்தார். உடன்பிறந்தவர்களில் பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். அவர் சிறுவனாக இருந்தபோதே தாய் பீமாபாயும் காலமானார். அத்தை மீராபாயின் கையில் வளர்ந்தார்.

சொந்தக் குடும்பத்திலும் அதே துயரம் தொடர்ந்தது. அவருக்கும் ரமாபாய்க்கும் ஐந்து பிள்ளைகள். அவர்களில் யஷ்வந்த் மட்டுமே பிழைத்தார். மற்ற நால்வரும் குழந்தைப் பருவத்தைத் தாண்டவில்லை. கணவர் வெளிநாட்டில் படித்த ஆண்டுகளில் மும்பையில் வறுமையோடு குடும்பத்தை நடத்தியவர் ரமாபாய். கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926-ல் இறந்தான். ரமாபாயும் 1935-ல் மறைந்தார். ஏழை வீட்டில் தாயும் பிள்ளையும் உயிர்பிழைப்பது எவ்வளவு கடினம் என்பதை அண்ணல் தன் வீட்டிலேயே கண்டவர்.

ராஜரத்னா இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1928 ஜூலையில், பம்பாய் சட்டமன்ற மேலவையில் மகப்பேறு உதவி மசோதா விவாதத்துக்கு வந்தது. ஆலைப் பெண்களுக்குப் பிரசவ காலத்தில் ஓய்வும் பணமும் தருவதற்கான மசோதா அது. அண்ணல் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வெடுப்பது நாட்டுக்கே நன்மை என்பதால் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்பதே முறை என்றார். அதே நேரத்தில் பெண்ணின் உழைப்பால் லாபம் பெறும் முதலாளியும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு அது சட்டமானது. நம் சென்னை மாகாணத்திலும் 1930-களில் இதுபோன்ற சட்டம் வந்தது.

சட்டம் மட்டும் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. எத்தனை பிள்ளை, எப்போது என்பதில் பெண்ணின் விருப்பம் மதிக்கப்பட வேண்டும், அதற்கான வழிவகை அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று கருதினார். 1938-ல் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி உறுப்பினர் ரோஹம், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரசு உதவ வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கான உரையைத் தயாரித்துக் கொடுத்தவர் அண்ணல். தீர்மானம் தோற்றது.

பெண்கள் தங்கள் தேவையைத் தாங்களே சொல்லும் இடமாக 1942 ஜூலையில் நாக்பூர் மாநாடு அமைந்தது. சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். ஆலை, பீடி, நகராட்சி, ரயில்வே வேலைகளில் இருக்கும் பெண்களுக்கு விடுப்பும், காயம்பட்டால் இழப்பீடும் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். அதே மாதத்தில் அண்ணல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றார். கோரிக்கை எழுப்பியவர்களின் தலைவரே சட்டம் இயற்றும் இடத்துக்குப் போனார்.

சுரங்கப் பெண்களுக்கு 1941 சட்டப்படி எட்டு வாரம் மகப்பேறு உதவி இருந்தது. அதன் வாசகத்தில் இருந்த குழப்பத்தை நீக்க 1943-ல் அவர் திருத்தம் கொண்டுவந்தார். 1945-ல் நிலத்தடியில் வேலை செய்யும் பெண்களுக்கு ஓய்வுக்காலம் கூட்டப்பட்டது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைச் சொல்லி, நிலத்தடி வேலையில் பெண்களை ஈடுபடுத்த இருந்த தடையை அரசு தளர்த்தியதும் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். அதற்காகக் கடும் கண்டனத்தைச் சந்தித்தார். 1946-ல் தடை மீண்டும் வந்தது.

தொழிலாளர் மருத்துவக் காப்பீடு குறித்துப் பேராசிரியர் அதார்கர் 1944-ல் தந்த அறிக்கையும் அவர் காலத்ததே. 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டத்துக்கு அதுவே அடிப்படை. மருத்துவரும் செவிலியரும் தரும் சிகிச்சையையும், வேலைக்குப் போகாத நாட்களுக்கான பணத்தையும் ஒரே ஏற்பாட்டில் சேர்த்த சட்டம் அது. பிறகு அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்கு அவர் தலைவரானார். அந்தச் சட்டத்தின் 42-வது பிரிவு, பேறுகால உதவிக்கு வழிசெய்வதை அரசின் கடமையாக்கியது. 1956 டிசம்பர் 6-ல் அண்ணல் மறைந்தார். ஐந்து ஆண்டுகளில், 1961-ல், நாடு முழுவதற்கும் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. அப்போது 12 வாரமாக இருந்த விடுப்பு, 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமானது.

ஆனால் இந்த உரிமையெல்லாம் ஆலையின் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் கைக்கு வரும். இ.எஸ்.ஐ.யில் பேறுகாலப் பணம் பெற, முந்தைய ஓராண்டுக் கணக்கில் 70 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பதிவேட்டில் ஏறாத தினக்கூலிப் பெண்ணுக்கும், வீட்டிலிருந்தே காகிதக் குழாய் உருட்டுபவருக்கும் அந்தக் கணக்கே இல்லை. எனவே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதியுங்கள். மாநில அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாய்க்கும் அந்தப் பதிவே வழி. என்ன வேலை செய்கிறோம், எத்தனை மணி நேரம் நிற்கிறோம், எந்த மருந்தைத் தொடுகிறோம் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பள்ளி, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், ஆலைக்குப் போகும் அம்மா, அக்காவின் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று இந்த மாதமே பார்த்துச் சொல்லலாம்.