ஊர்க்கணக்கு எழுதிய குமரப்பா

சரக்கு அலுவலகத்தில் பேரேட்டோடு காலங்கழிக்கும் நமக்குப் பொருளாதாரம் என்னும் சொல்லே சிறிது அச்சமூட்டுவது. பெரும் படிப்புப் படித்தவர் பேசவேண்டிய பொருளை மெட்ரிகுலேஷன் தேறிய ஒரு எழுத்தர் எழுதலாமா என்று நாமே தயங்கினோம். ஆயினும் மாதந்தோறும் வார்தாவைக் கடந்து தென்னாடு போய் வரும் நம் காலனிக் குடும்பத்தார், அவ்வூரிலே பல்லாண்டு குடிசையில் வாழ்ந்த ஒரு தமிழரைப் பற்றி அறியாதிருத்தல் முறையன்று. அதனால் இம்மலரில் ஜே. சி. குமரப்பாவின் வரலாற்றைச் சொல்லத் துணிந்தோம்.

1892-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித் துறையில் அலுவலர். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று தேறிப் பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம் நடத்திச் செழிப்புடன் இருந்தார். பின்னர் அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மன் அவருக்கு ஆசிரியர். அங்கே இந்திய அரசாங்கத்தின் வரவு செலவை ஆராயப் புகுந்தவர், நம் மக்களின் வறுமைக்கும் அந்நியர் வரிமுறைக்கும் உள்ள உறவைக் கண்டு மனம் மாறினார். கார்னீலியஸ் என்ற பெயரை விடுத்துக் குலப்பெயராகிய குமரப்பாவை மேற்கொண்டார்.

தாம் எழுதிய ஆராய்ச்சியைக் காந்தியடிகளிடம் காட்ட, 1929 மே 9-ஆம் நாள் சபர்மதி ஆசிரமம் சென்றார். பட்டு உடையும் கைத்தடியுமாக, குறித்த நேரத்திற்கு முன்பே போய் நின்றார். மரத்தடியில் ஒரு முதியவர் நூற்றுக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழிந்த பின்னரே அவர்தாம் அடிகள் என்று விளங்கிற்று. சாணம் மெழுகிய தரையில் மடிப்புக் கலையாத கால்சட்டையோடு அமரவேண்டியதாயிற்று. அவ்வாராய்ச்சி பின்னர் யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. அதனினும் பெரிதாக வேறொரு பணி அன்று அவர் தலையில் ஏறியது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் என்னும் தாலுகாவின் பொருள்நிலையை நேரிற்சென்று ஆராய்ந்து எழுதவேண்டும் என்பதே அது.

இங்கே ஓர் இடையூறு நேர்ந்தது. குஜராத் வித்யாபீடத்தில் பொறுப்பிலிருந்த காகா காலேல்கர் இவரை ஏற்கத் தயங்கினார். குஜராத்தி மொழி அறியாத ஒருவர் குஜராத்தி உழவரிடம் எவ்வாறு கணக்குக் கேட்பார் என்பது அவர் ஐயம். நியாயமான ஐயமே. வேலைக்கென்று வந்த புதிதில் கடைத்தெருவில் உப்பு வாங்கவே விரலைக் காட்டி நின்ற நமக்கு அதன் அருமை தெரியும். பின்னர்த் தடை நீங்கிற்று. வித்யாபீட மாணவரும் ஆசிரியரும் துணையாக வர, ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் ஆய்வு நடந்தது.

மாதர் ஆய்வில் நம்மை மிகவும் கவர்ந்தது அதன் முறை. அந்நாளில் நிலவரி விதித்தவர்கள் நிலத்தையும் விளைச்சலையும் பார்த்தார்கள். உழவன் வீட்டைப் பார்க்கவில்லை. குமரப்பா ஒரு கம்பெனியின் ஐந்தொகையைத் தணிக்கை செய்வதுபோல ஏழைக் குடும்பத்தின் கணக்கைத் தணிக்கை செய்தார். விதை, எரு, மாட்டுத் தீனி, கூலி, கடனுக்கு வட்டி, வீட்டார் உழைப்பு ஆகியவற்றை ஒரு புறமும், வந்த வருவாயை மறுபுறமும் வைத்தார். கம்பெனிக்கு நட்டம் வந்தால் வருமான வரி இல்லை. உழவனுக்கு நட்டம் வந்தாலும் நிலவரி உண்டு. இந்த முரண்பாட்டை எவரும் மறுக்கவொண்ணாத முறையில் எண்களாலேயே காட்டினார். அறிக்கை 1931-இல் நூலாக வந்தது. கிராம மக்கள் தாங்கள் ஏழைகள் என்பதை ஆய்வில்லாமலே அறிவார்கள். எவ்வழியில் ஏழையானோம் என்பதை அவர்களுக்காக எடுத்து எழுத ஒரு தணிக்கையாளர் வேண்டியிருந்தது.

யங் இந்தியாவில் எழுதியதற்காகச் சிறை சென்றதையும், அதன்பின் மீண்டும் மீண்டும் சிறை புகுந்ததையும் விரிக்கின் பெருகும். 1934 சனவரியில் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது நிவாரண நிதியின் கணக்கு அவர் கையில் இருந்தது. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று அணா உணவுப்படி என்று வரையறுத்தார். காந்தியடிகளும் உடன் வந்தோரும் பாட்னா வந்தபோது அவர்கள் செலவை அந்நிதியில் எழுத மறுத்துவிட்டார். அடிகளும் அதை ஏற்றுக்கொண்டார். கணக்கெழுதும் நம்மனோர்க்கு இஃது ஒன்றே போதும், அவர்மேல் அன்பு கொள்ள.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் அளித்த இடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது. செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் என்று ஒவ்வொன்றையும் அங்கே செய்து பார்த்து, கண்ட முடிவைக் கிராம உத்தியோக பத்திரிகை என்னும் சிற்றிதழில் ஊழியர்க்கு விளங்குமாறு எழுதினார். மண்ணெண்ணெய் வாங்க இயலாதார்க்குத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கு அங்கு உருவாயிற்று. அவர் எழுதிய நூல்களும் கைக்காகிதத்திலே அச்சாயின. வேட்டியும் பைஜாமாவும் கலந்ததுபோல் ஓர் உடையைத் தாமே வகுத்து அணிந்தார். அதை வேறெவரும் பின்பற்றக் காணோம்!

நாம் வாழும் இந்நிலப்பகுதிக்கும் அவர் கணக்கு எழுதியிருக்கிறார். மத்திய மாகாணம் பேரார் அரசு அமைத்த தொழில் ஆய்வுக் குழுவுக்கு அவர் தலைவர். 600-க்கு மேற்பட்ட கிராமங்கள் ஆராயப்பட்டு, எவ்வூரில் என்ன மூலப்பொருள் உண்டு, அதை அவ்வூரிலேயே பண்டமாக்குவது எங்ஙனம் என்பது வகுக்கப்பட்டது. 1939-இல் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகவே, செய்யவேண்டிய கைகள் இல்லாமற்போயின. அடுத்து 1940-இல் வடமேற்கு எல்லை மாகாணத்துக்கும் ஒரு திட்டம் எழுதி வெளியிட்டார்.

பருத்தி மூட்டை போவதையும் துணிப்பொதி வருவதையும் ஒரே பேரேட்டில் பதிந்திருக்கிறோம். இரண்டிற்கும் இடையிலுள்ள கூலியும் ஆதாயமும் யாருக்குப் போயின என்று கேட்க, இவரைப் படிக்கும்வரை நமக்குத் தோன்றவில்லை. எனினும் பெரும் ஆலைகளை அவர் வெறுத்த அளவு நமக்கு உடன்பாடன்று; இரும்புத் தண்டவாளத்தால் பிழைப்பவர்கள் நாம். அவர் சினமும் பெரிது. நாட்டுத் திட்டக் குழுவில் சேர்ந்தவர் சில மாதங்களில் வெளியேறினார். விடுதலைக்குப் பின்னும் அரசாங்கத்தைக் கண்டிப்பதை நிறுத்தவில்லை.

சபல்பூர்ச் சிறையிலிருந்து எழுதிய நூலில் ஓர் இலட்சம் மக்களுக்குத் தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, காய்கறி, பருத்தி விளைவிக்க எத்தனை ஏக்கர் வேண்டும் என்று அட்டவணையிட்டிருக்கிறார். மாதரில் வீட்டுக்கணக்கு எழுதிய கை இங்கே ஒரு வட்டாரத்துக்கே கணக்கு எழுதுகிறது. நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1949-இல் அறிக்கை தந்தார்.

பின்னர் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். மணம் செய்துகொள்ளவில்லை, சொத்தும் சேர்க்கவில்லை. 1960-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், அடிகள் மறைந்த அதே தேதியில், சென்னையில் மறைந்தார்.

வார்தாவில் 1938-இல் காந்தியடிகள் திறந்து வைத்த மகன் சங்கிரகாலயம் என்னும் காட்சிச்சாலை இருக்கிறது. நாக்பூரிலிருந்து இரண்டு மணிக்குள் வண்டியில் சென்றடையலாம். பிள்ளைகளுக்கு விடுமுறை வருங்கால் நம் சங்கத்தார் ஒரு நாட்பயணம் ஏற்பாடு செய்வார்களாயின், பயணச்சீட்டு வேலையை நாமே பார்த்துக்கொள்கிறோம்.