கற்பிட்டி தந்த காசிச்செட்டி

தலவில என்றதும் எல்லோரும் புனித அன்னம்மாள் ஆலயத்தையும் அதன் திருவிழாவையும் கேட்பார்கள். அடுத்து கருவாட்டு விலை. இந்த மணலுக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வெட்கத்தோடு தேடியபோதுதான் சைமன் காசிச்செட்டி கிடைத்தார். எங்கிருந்தோ வந்தவரல்ல, பக்கத்துக் கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்தவர்.

கிறிஸ்தவச் செட்டி குடும்பம். இளவயதிலேயே அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, பின்னர் மணியகாரராகி, சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக அமர்ந்து, கடைசியில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்து 1860இல் மறைந்தார். பதவிகளின் கதை இவ்வளவு போதும். நான் வியந்தது அவருடைய வாசிப்புப் பசியைத்தான். தமிழ், ஆங்கிலம், சிங்களம் போதாதென்று சமஸ்கிருதம், அறபு, போர்த்துக்கீசு, ஒல்லாந்து என்று மொழி மொழியாகப் போயிருக்கிறார். 1834இல், 27 வயதில், இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசையில் அடுக்கி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 1841இல் உதயாதித்தன் என்ற தமிழ் மாத இதழையும் தொடங்கினார்.

அவர் பெயரை நிலைக்க வைத்தது 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான தமிழ் புளூட்டாக். புளூட்டாக் என்பவர் கிரேக்க, உரோமப் பெரியோரின் வாழ்க்கைகளை எழுதிய பழைய ஆசிரியர். அந்தப் பெயரைத் தமிழோடு சேர்த்து, ஏறக்குறைய 200 புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்தில் தந்தார். ஒளவையார் இருக்கிறார், சீறாப்புராணம் பாடிய நம் உமறுப் புலவரும் இருக்கிறார். ஒருவர் பாதி வெண்பா பாட மற்றவர் மீதியை முடிப்பாராம் என்று சொல்லப்படும் இரட்டையர் இருக்கிறார்கள். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பொருந்தவைத்த சிலேடைக்காரர் காளமேகமும் உண்டு. ஏடுகள் செல்லரித்துக்கொண்டிருந்த காலத்தில் இவற்றை ஒருவர் சேர்த்து வைத்திராவிட்டால் எத்தனை பெயர்கள் போயிருக்குமோ! 1886இல் பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளைக்கும் இந்த நூல் வழி காட்டியது.

குறை இல்லாமல் இல்லை. செவிவழிக் கதைகளையும் வரலாற்றையும் அவர் பல இடங்களில் ஒன்றாகவே கலந்துவிடுகிறார். காலக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. தமிழ்ப் புலவர்களைப் பற்றிய நூல் தமிழில் வராமல் ஆங்கிலத்தில் வந்ததில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கலும் உண்டு. ஆனால் நம்மிடமும் புலவர்கள் இருந்தார்கள் என்று ஆள்பவர்களுக்குச் சொல்ல அவர்களுடைய மொழிதானே அன்று தேவைப்பட்டது!

கற்பிட்டி என்ற பெயருக்குள்ளேயே 'கற்பி' ஒளிந்திருக்கிறது என்று உம்மாவிடம் சொன்னேன். கல் நிறைந்த பிட்டிக்கு இப்படியும் ஒரு அர்த்தமா என்று சிரித்தார். காளமேகத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இந்த வியாதி. இப்போது பாயைப் பிடித்திருக்கிறேன். மூத்தவாப்பா காலத்துத் தோணிப் பாய், எங்கள் வீட்டுப் பன்பாய்: இரண்டும் விரியும், இரண்டும் சுருளும், ஒன்று அவரைக் கடலுக்குக் கொண்டுபோகும், மற்றது களைத்து வந்தவரைத் தாங்கும். பொருத்தமெல்லாம் சரியாக இருக்கிறது. வெண்பாவின் மூன்றாம் அடியில்தான் இன்னும் தளை தட்டுகிறது.