தருமபுரித் தோட்டம் முதல் கிண்டி மாளிகை வரை: யார் இந்த தாமஸ் மன்றோ?

சென்னை தீவுத்திடல் பக்கம், சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் தாமஸ் மன்றோ. கிண்டி ஆளுநர் மாளிகை அரசு வசம் வந்ததும் இவர் காலத்தில்தான். ஆனா, இவரை உருவாக்கியது கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்.

மன்றோ 1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போனது. மகன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து, 1780-ல் மெட்ராஸ் வந்து இறங்கினார்.

எல்லையில் ஏழு வருஷம்

1792-ல் போரில் தோற்ற திப்பு சுல்தான், பாராமகாலை கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்தான் அது. ஓசூர் அப்போதும் மைசூர் பக்கமே இருந்தது. கலெக்டர் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக வந்த மன்றோ, ஊர் ஊராகப் போய் நிலம் அளந்தார், உழவர்களிடம் பேசினார். தருமபுரியில் தோட்டம் போட்டு, அதில் தினமும் நேரம் செலவழித்தார். 1799-ல் கனராவுக்கு மாற்றல் வந்தபோது, அந்தத் தோட்டத்தைப் பிரிவதே அவருக்குப் பெரிய வருத்தம்.

ரயத்துவாரி என்றால்?

ஜமீன்தார் என்ற இடைத்தரகர் கிடையாது. உழவர் பெயரிலேயே நிலம், அவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டணும். இன்றைய பட்டாவின் வேர் இங்கேதான். ஆனா, வரி பணமாக வேண்டும், அதுவும் அதிகம். மழை பொய்த்தால் உழவர் கடனில் விழுந்தார். இதை உணர்ந்த மன்றோ, பிறகு கடப்பை, பெல்லாரி பகுதியில் பணியாற்றியபோது வரியில் கால் பங்கைக் குறைக்கப் பரிந்துரைத்தார். மேலிடம் உடனே ஏற்கவில்லை.

கிண்டி வந்த கதை

1820-ல் மெட்ராஸ் ஆளுநரானார். அடுத்த வருஷமே, தனியார் தோட்ட வீடாக இருந்த 'கிண்டி லாட்ஜ்' ஆளுநரின் புறநகர் இல்லமாக வாங்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு அதுவே ராஜ்பவன் ஆனது. அதன் காட்டுப் பகுதிதான் 1978-ல் கிண்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மன்றோ அந்த மாளிகையிலேயே தங்கிவிடவில்லை. ஊர் திரும்பும் முன், தான் வேலை பார்த்த கடப்பை, பெல்லாரி பக்கத்து மக்களை ஒருமுறை பார்க்கக் கிளம்பினார். போன இடத்தில் காலரா. 1827 ஜூலை 6-ல் பட்டிக்கொண்டாவில் இறந்தார்.

ஓசூரில் மனை வாங்குகிறவர் இன்றும் முதலில் கேட்பது பட்டா யார் பெயரில் என்றுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால், பாராமகாலில் நிலம் அளந்த அந்த ஏழு வருஷம் இருக்கிறது.