மீர் சுல்தான் கான்

மீர் சுல்தான் கான் (1903 – ஏப்ரல் 25, 1966) பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் பகுதியைச் சேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர் ஆவார். சில நூல்கள் இவர் பிறந்த ஆண்டை 1905 எனக் குறிப்பிடுகின்றன. ஐரோப்பாவில் ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவாகவே விளையாடிய இவர், 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானிய வாகையாளர் பட்டத்தை வென்றார். தற்காப்பில் உறுதியும் இறுதியாட்டத்தில் பொறுமையும் கொண்ட ஆட்டமுறைக்காக அறியப்படுகிறார்.

இளமை

தற்போது பாகிஸ்தானில் உள்ள மித்தா திவானா என்னும் ஊரில் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையிடம் இந்திய முறைச் சதுரங்கத்தைக் கற்றார். இவரது திறமையைக் கண்ட நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் இவரை ஆதரித்து, மேற்கத்திய விதிகளைக் கற்க ஏற்பாடு செய்தார். 1928 இல் அனைத்திந்தியப் போட்டியில் 9 ஆட்டங்களில் 8 வெற்றி, 1 சமநிலை பெற்று முதலிடம் பிடித்தார். ஆங்கில நூல்கள் பலவும் இவரை எழுத்தறிவற்ற வேலைக்காரர் என்றே எழுதியுள்ளன. இதை இவரது குடும்பத்தினர் மறுக்கின்றனர்.

ஆட்டமுறை

அக்காலத்து இந்திய முறையில் சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டங்கள் செல்ல முடியாது. இன்றுள்ளவாறு கோட்டை கட்டுதலும் இல்லை. அதற்கு மாற்றாக அரசர் ஒருமுறை குதிரையைப் போல் தாவலாம். இதனால் ஆட்டம் மெதுவாகவே சூடுபிடிக்கும். இரு தரப்பும் காய்களை ஒழுங்குபடுத்திய பின்னரே மோதல் தொடங்கும். இம்முறையில் வளர்ந்த சுல்தான் கான், தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்திருந்த ஐரோப்பியர்களுக்கு எதிராகத் தொடக்கத்தில் பலமுறை பின்தங்கினார். ஆனால் இக்கட்டான நிலையையும் சிதறாமல் காத்து, எதிராளியின் சிறு பிழைக்காகக் காத்திருந்து, இறுதியாட்டத்தில் வெல்லும் ஆற்றல் இவருக்கு இருந்தது. இது துணிவின்மை அன்று. பாதகமான நிலையில் மணிக்கணக்கில் அமர்ந்திருக்க மிகுந்த துணிவு வேண்டும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையாளர் கப்பபிளான்காவை வென்ற ஆட்டமாகும். அதில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய இவர், ஐந்தாம் நகர்விலேயே இடது ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். பிற்காலத்தில் தற்காப்புக்குப் பெயர்பெற்ற உலக வாகையாளர் பெத்ரோசியனின் பெயரால் வழங்கும் முறையும் இதே எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டது.

ஐரோப்பாவில்

1930 இல் லியேஜ் போட்டியில் தார்த்தகோவருக்கு அடுத்து இரண்டாமிடம் பெற்றார். 1931 இல் அவரையே நேரடித் தொடரில் வென்றார். 1930, 1931, 1933 ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்து அணிக்காக விளையாடினார். பிராக் நகரில் (1931) புளோர், ரூபின்ஸ்டைன் ஆகியோரைத் தோற்கடித்து, அப்போதைய உலக வாகையாளர் அலெகினுடன் சமநிலை கண்டார். இங்கிலாந்தின் குளிர் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சளியும் தொண்டை நோயும் தொடர்ந்து வாட்டின. உமர் ஹயாத் கானின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்பவரும் 1933 இல் பிரித்தானிய மகளிர் வாகையாளரானார்.

பிற்காலம்

1933 இறுதியில் தாயகம் திரும்பினார். 1935 இல் காடில்கருடன் ஆடிய 10 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே சமநிலை கண்டு, ஏனையவற்றை வென்றார். அதன்பின் பெரிய போட்டிகளில் பங்கேற்கவில்லை. சர்கோதா பகுதியில் தம் நிலத்தில் வாழ்ந்து, 1966 இல் காசநோயால் இறந்தார்.

1950 இல் உலக சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முதலாக கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது, ஆடுவதை விட்டுவிட்ட ரூபின்ஸ்டைனும் பட்டம் பெற்றார். சுல்தான் கான் பெறவில்லை. 2024 பிப்ரவரியில் அக்கூட்டமைப்பு இவருக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வழங்கியது.