நஞ்சு தெளிக்கும் கைக்குத் தகைமை கேட்ட ரேச்சல் கார்சன்

டெங்குக் காய்ச்சல் பரவும் மாரிகாலத்தில் குருநகர் ஒழுங்கைகளுக்குள் புகை அடிக்கும் இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்கலாம். இயந்திரத்தைத் தோளில் தொங்கவிட்டவர் முன்னே செல்ல, வெண்புகைக்குள் புகுந்து விளையாடச் சிறுவர்கள் பின்னே ஓடுவர். அடுப்பில் கறி வைத்தவர்கள் சட்டியை மூடுவர். கருவாடு காயப் போட்டவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போவர். அந்தப் புகையில் என்ன கலந்திருக்கிறது, அதை அளந்து கலந்தவர் எங்கே பயிற்சி பெற்றார், நாளை வருவோம் என்று ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றெல்லாம் எவரும் கேட்பதில்லை. கேட்கும் வழக்கமும் எம்மிடையே இல்லை. நுளம்பு ஒழிந்தால் போதும் என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

இந்தக் கேள்விகளை ஒரு நாட்டின் செனட் சபைக் குழுவின் முன் அமர்ந்து கேட்டவர் ரேச்சல் கார்சன். அவரைப் பூச்சிமருந்தின் எதிரி என்று மட்டும் அறிந்து வைத்திருக்கிறோம். அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலைப் பற்றி எழுதுவதிலேயே கழித்தவர் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. கடலை நம்பி வாழும் குருநகர் மக்கள் தம்மவர் என்று உரிமை கொண்டாடத்தக்க எழுத்தாளர் அவர்.

கார்சன் 1907 மே 27 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். கடல் அங்கிருந்து வெகுதூரம். பத்து, பதினொரு வயதிலேயே அவரது கதை சிறுவர் சஞ்சிகை ஒன்றில் அச்சேறியது. இலக்கியம் பயிலக் கல்லூரிக்குச் சென்றவர் இடையில் உயிரியலுக்கு மாறினார். 1929 கோடையில் வூட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்துக்குச் சென்றபோதுதான் கடலை முதன்முதலாகக் கண்டார். 1932 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதற்கு மேலே படிக்கக் குடும்ப நிலை இடங்கொடுக்கவில்லை. 1935 இல் தந்தை இறந்தார். 1937 இல் மூத்த சகோதரியும் மறைய, அவரது இரு பெண்பிள்ளைகளையும் தாயையும் தாங்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது.

அரசின் மீன்பிடிப் பணியகத்தில் வானொலிக்கு எழுதும் சிறு வேலையாக ஆரம்பித்தது, 1936 இல் நிரந்தர உத்தியோகமாயிற்று. பகலில் அலுவலகம், இரவில் எழுத்து என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1951 இல் வெளிவந்த, நம்மைச் சூழ்ந்த கடலைப் பற்றிய நூல் அவரை உலகறியச் செய்தது. நியூயோர்க் ரைம்ஸ் இதழின் விற்பனைப் பட்டியலில் அந்நூல் 86 வாரங்கள் இடம்பிடித்திருந்தது. அடுத்த ஆண்டு அரச வேலையைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

அவர் இவ்வாறே கடலோரம் அமைதியாக எழுதிக்கொண்டிருந்திருக்கலாம். 1957 இல் தாம் வளர்த்த மருமகள் ஒருத்தி இறக்க, அவளது ஐந்து வயது மகனைத் தத்தெடுத்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. அதற்கடுத்த ஆண்டு மசசூசெற்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த தோழி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. நுளம்பை ஒழிக்கவென விமானம் பறந்து டி.டி.ரி. தூவிச் சென்ற பின், தமது வளவில் பறவைகள் செத்து வீழ்ந்ததாக அவர் முறையிட்டிருந்தார். வீட்டுக்காரரிடம் அனுமதி பெறப்படவில்லை. நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்ட் வாசிகளும் இதேபோன்ற விமானத் தெளிப்புக்கு எதிராக நீதிமன்றப் படியேறியிருந்தனர். நஞ்சின் தன்மை ஒருபுறமிருக்க, அதை என் வளவுக்குள் தூவ உனக்கு யார் அதிகாரம் தந்தது என்பதும் அவ்வழக்கின் கேள்வியாக இருந்தது.

நான்கு ஆண்டுகள் உழைத்து, மௌன வசந்தம் என்று பொருள்படும் நூலை அவர் எழுதி முடித்தார். 1960 இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. தமது நோயைக் காரணங்காட்டி எழுத்தின் நடுநிலையை ஐயுறுவார்கள் என அஞ்சி, அதை வெளியே மறைத்தார். நூல் 1962 செப்டெம்பர் 27 இல் வெளிவந்தது. இரசாயனக் கம்பனிகள் கொதித்தெழுந்தன. வழக்குத் தொடர்வோம் என்று பதிப்பகத்தை மிரட்டியவர்கள் உண்டு. மணமாகாத பெண்ணுக்கு வருங்காலச் சந்ததி பற்றி என்ன கவலை என்று கேட்டவர்களும் உண்டு. அறிவியலில் தோற்றவர்கள் ஆளைத் தாக்குவது எம்மூர் அரசியலுக்கு மட்டும் உரியதன்று போலும்!

ஜனாதிபதி கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு 1963 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, கார்சனின் எச்சரிக்கையை அடிப்படையில் ஏற்றுக்கொண்டது. ஜூன் 4 ஆந் திகதி செனட் உபகுழுவின் முன் அவர் சாட்சியமளித்தார். நோய் எலும்புவரை சென்றிருந்த நேரம் அது. பூச்சிமருந்துகள் எல்லாவற்றையும் ஒழித்துவிடுங்கள் என்று அவர் அங்கு கேட்கவில்லை. பிறர் தெளிக்கும் நஞ்சு தன் வீட்டுக்குள் வராமல் பாதுகாப்பாக வாழ்வது குடிமகனின் உரிமை என்றார். தெளிப்பதற்கு முன் அயலாருக்கு அறிவித்தல் வேண்டும் என்றார். இம்மருந்துகளை விற்பதும் பாவிப்பதும் அவற்றின் ஆபத்தை உணர்ந்து, அறிவுறுத்தலின்படி நடக்கக்கூடியவர்களுக்கு மட்டும் உரியதாக வேண்டும் என்றார். மருத்துவருக்கும் மருந்தாளருக்கும் சான்றிதழ் கேட்கும் சமூகம், நஞ்சைத் தோளில் சுமப்பவரிடம் ஏன் எதுவும் கேட்பதில்லை என்பதே இதன் சாரம்.

அவர் 1964 ஏப்ரல் 14 இல், தமது 56 ஆவது வயதில் காலமானார். அவர் கேட்டது கிடைக்க மேலும் எட்டு ஆண்டுகள் சென்றன. 1972 இல் அமெரிக்கப் பீடைகொல்லிச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஆபத்து மிக்க மருந்துகள் தனிவகையாகப் பிரிக்கப்பட்டன. தகைமைச் சான்றிதழ் பெற்றவரோ, அவரது மேற்பார்வையில் உள்ளவரோதான் அவற்றைப் பாவிக்கலாம் என்று விதி வந்தது. தமது தோட்டத்துக்குத் தெளிக்கும் விவசாயி ஒரு வகை. கூலிக்குத் தெளிப்பவர் மற்றொரு வகை. கூலிக்குத் தெளிப்பவர் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சிட்டையை விளங்கிக்கொள்ளவும், அளவு கணக்கிடவும், கருவியைச் சீர்செய்யவும், காற்றின் திசை பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். 2017 இல் விதிகள் மேலும் இறுக்கப்பட்டு, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குச் சான்றிதழ் இல்லை என்றும், ஐந்து ஆண்டுகளுக்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் ஆயிற்று.

இலங்கையின் பெயரைச் சொல்லி இவர்மீது சுமத்தப்படும் பழி ஒன்றுண்டு. அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1940 களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கிய பின், இலட்சக்கணக்கில் இருந்த நோயாளர் தொகை 1963 இல் வெறும் 17 ஆகச் சுருங்கியது. 1968-69 இல் அது மீண்டும் ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. கார்சனின் நூலைப் படித்துப் பயந்து இலங்கை மருந்தைக் கைவிட்டது, அதனால்தான் மக்கள் அவதியுற்றனர் என்று மேலைநாட்டு விமர்சகர் சிலர் இன்றும் எழுதுகின்றனர். இது உண்மையன்று. நோய் அநேகமாக அற்றுவிட்டது என்று கருதி, ஒழிப்புத் திட்டத்தின் ஒழுங்குப்படியே 1964 இல் தெளிப்பு நிறுத்தப்பட்டது. நோய் திரும்பிய பின் டி.டி.ரி. மீண்டும் தெளிக்கப்பட்டது, ஆயினும் நுளம்புகள் அதற்குப் பழகிவிட்டிருந்தன. 1970 களின் நடுப்பகுதியில் மலத்தியோனுக்கு மாற வேண்டியதாயிற்று. கண்மூடித்தனமாகத் தெளித்தால் பூச்சி பழகிவிடும், பிறகு நோய் வரும்போது கையில் ஆயுதம் இராது என்று கார்சன் அந்நூலிலேயே எச்சரித்திருந்தார். இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது.

எமது நாட்டில் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980 இல், அதன் 33 ஆம் இலக்கமாக வந்தது. பதிவாளர் இருக்கிறார், பதியப்படாத மருந்து வரக்கூடாது, விற்பவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கடும் நஞ்சுகள் 1995 அளவில் படிப்படியாக நிறுத்தப்பட்டதால், அதற்கடுத்த பத்தாண்டில் தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. இது சிறிய சாதனையன்று. ஆனால் கவனம் முழுவதும் கடை வாசலோடு நின்றுவிடுகிறது என்பதே எமது குறை. போத்தலை வாங்கிச் சென்று வெங்காயத் தறைக்கு அடிப்பவர் நாட்கூலிக்கு வந்தவர். மூக்கை மூடச் சால்வை, கலக்க ஒரு தடி, அளக்கப் போத்தல் மூடி. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் இதே காட்சி, கற்பிட்டி மணலிலும் இதே காட்சி. 1990 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பகுதியில் அகதிகளாக வாழ்ந்த சோனகத் தெரு மக்களுள் எத்தனையோ பேர் அந்தத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். தெளிகருவி முதுகில் ஒழுகிய நாட்களை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணறாகிறது. மிகுதி கடல்நீரேரியைச் சேர்கிறது. தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி ஊற்றியது குடிப்பவரையும் சேரும், குருநகரார் வலை வீசும் நீரையும் சேரும். கூலிக்குத் தெளிப்பவருக்கும் புகை அடிப்பவருக்கும் சில நாள் பயிற்சி, தமிழில் ஒரு பரீட்சை, சட்டைப் பையில் வைக்க ஓர் அடையாள அட்டை ஆகியவற்றை வழங்க விவசாயத் திணைக்களமும் உள்ளூராட்சி மன்றங்களும் ஏன் முன்வரக்கூடாது? அதனால் முதலில் காக்கப்படுவது அந்தத் தொழிலாளியின் நுரையீரல்தான். புகை அடிக்கும் நாளை முதல் நாளே பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் ஆலய அறிவித்தலிலும் சொல்லிவிட்டால், சட்டிகள் மூடப்பட்டிருக்கும், பிள்ளைகளும் வீட்டுக்குள் இருப்பார்கள்.

கார்சனின் சாம்பலில் ஒரு பகுதி தாயின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டது. மறு பகுதியை, அவர் விரும்பியவாறே, மெயின் மாநிலக் கடற்கரையில் தோழி ஒருவர் கரைத்தார். தத்தெடுத்த பிள்ளை அப்போதும் சிறுவன். கார்சனின் பதிப்பாசிரியர் அவனைத் தம் வீட்டில் வளர்த்தார்.