முற்றுப்பெறாத இயந்திரமும் சார்ள்ஸ் பபேஜின் வாழ்வும்

வங்கியிலோ அரச அலுவலகத்திலோ வரிசையில் காத்துநிற்பவருக்கு, கணினி இயங்கவில்லை, நாளை வாருங்கள் என்ற பதில் புதியதல்ல. பெருந்தொகை செலவிட்டுச் செய்விக்கப்படும் மென்பொருள் உரிய காலத்தில் நிறைவுறாமற் போவதும் உலகெங்கும் காணப்படும் நிகழ்வாகும். இத்தகைய வேளைகளில் நாம் இயந்திரத்தையே நொந்துகொள்கின்றோம். ஆயினும் செய்விப்பவர், செய்பவர், பணம் வழங்குபவர் ஆகிய மூவருக்கும் இடையிலான உறவிலேயே பழுதின் வேர் பல சமயங்களில் இருக்கின்றது. கணினியின் தந்தை எனப் போற்றப்படும் சார்ள்ஸ் பபேஜின் வாழ்வு இதற்கு முதற் சான்றாகும்.

1791ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி இலண்டனில் வங்கியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த பபேஜ், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார். அக்காலத்தில் கப்பலோட்டிகளும் வானியலாளரும் அச்சிட்ட கணித அட்டவணைகளையே நம்பியிருந்தனர். அவற்றைக் கணித்தவர்களும் அச்சுக்கோத்தவர்களும் மனிதர்களாதலால் பிழைகள் மலிந்திருந்தன. 1821ஆம் ஆண்டில் நண்பர் ஜோன் ஹேர்ஷலுடன் இத்தகைய அட்டவணைகளைச் சரிபார்த்தபோது அடுக்கடுக்காய்த் தென்பட்ட பிழைகளால் சலிப்புற்ற பபேஜ், இக்கணிப்புகளை நீராவியே செய்துவிடலாகாதா என்று ஏங்கினார். அந்த ஏக்கமே வித்தியாசப் பொறியாக உருவெடுத்தது. கடினமான கணிப்புகளைத் தொடர்ச்சியான கூட்டல்களாக மாற்றிப் பற்சக்கரங்களால் நிறைவேற்றுவதே அதன் தத்துவமாகும்.

1823ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் நிதியுதவி வழங்க முன்வந்தது. கணிதத்தில் வல்லவரான பபேஜுக்கு, தம் எண்ணத்தை உலோகத்தில் வடிக்கும் கைவினைஞர் ஒருவர் தேவைப்பட்டார். பொறியியலாளர் மார்க் இசம்பார்ட் புருனெலின் பரிந்துரையின் பேரில் ஜோசப் கிளமென்ட் அமர்த்தப்பட்டார். நெசவாளி ஒருவரின் மகனான கிளமென்ட், வரைபடம் வரைவதிலும் நுண்ணிய கருவிகள் செய்வதிலும் அக்கால இங்கிலாந்தின் முதல்வரிசை வல்லுநர்களுள் ஒருவர். திருகாணிகளின் புரிகளுக்கு நியமம் வகுத்துப் பின்னர் புகழ்பெற்ற ஜோசப் விட்வேர்த் அவரது பட்டறையில் பணியாற்றியவரே.

பொருத்தமான ஆளைத் தெரிவுசெய்வதில் பபேஜ் தவறவில்லை. தொல்லைகள் அதன் பின்னரே தொடங்கின. ஒரே அளவான பாகங்களை ஆயிரக்கணக்கில் செய்வதற்குரிய கருவிகளே அன்று இருக்கவில்லை. ஆகவே பொறியைச் செய்வதற்கு முன் அதற்கான கருவிகளைச் செய்ய வேண்டியதாயிற்று. இதற்கு எவ்வளவு காலமும் பணமும் செல்லும் என்பதை எவராலும் முன்கூட்டிக் கூற முடியவில்லை. திறைசேரியின் பணம் தாமதித்தே வந்தது. அதுவரை பபேஜ் தம் கைப்பணத்தைக் கொடுத்துவந்தார். இதற்கிடையில் 1827ஆம் ஆண்டில் தந்தை, மனைவி, பிள்ளைகளுள் இருவர் என அடுத்தடுத்து இழந்து உடைந்துபோன அவர், சிலகாலம் ஐரோப்பிய நாடுகளில் அலைந்து திரிந்தார்.

1832ஆம் ஆண்டில் பொறியின் ஒரு பகுதி பொருத்தப்பட்டுச் செவ்வனே இயங்கியது. ஆயின் பட்டறையைத் தம் இல்லத்துக்கு அருகே மாற்றவேண்டுமென பபேஜ் விரும்பியபோது, அதற்குரிய நட்டஈட்டைக் கிளமென்ட் கோரினார். பபேஜும் தம் கைப்பணத்தைக் கொடுப்பதை நிறுத்தினார். 1833ஆம் ஆண்டில் கிளமென்ட் பணியாட்களை விலக்கி வேலையை நிறுத்தினார். அன்றைய தொழில் வழக்கப்படி, அரச பணத்தில் செய்யப்பட்ட விசேட கருவிகள் கிளமென்டுக்கே உரியவையாயின.

கிளமென்டைப் பேராசைக்காரர் எனப் பழிப்பது எளிது. ஆனால் தாம் அமைத்த பட்டறையைப் பிரித்தெடுத்து இன்னொருவரின் வசதிக்காக இடம்பெயர்வதன் இழப்பை அவரே சுமக்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. கருவிகள் யாருக்குரியவை, தாமதத்தின் செலவை யார் ஏற்பது என்பன தொடக்கத்திலேயே எழுத்தில் தீர்மானிக்கப்படாமையே பெருங்குறையாகும். இன்று மென்பொருளின் மூலநிரல் யாருக்குரியது என்று எழும் பிணக்குகளும் இதே வகையினவே.

பபேஜிடமும் குறை இருந்தது. முதற் பொறி முடியுமுன்னரே, 1834ஆம் ஆண்டளவில், துளையிட்ட அட்டைகளால் கட்டளையிடப்படும் பகுப்புப் பொறி என்னும் மிகப்பெரிய எண்ணம் அவரை ஆட்கொண்டது. அதற்கென அடா லவ்லேஸ் சீமாட்டி 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பு ஒழுங்கே முதல் கணினி நிரல் எனப் பலராலும் மதிக்கப்படுகின்றது. அறிவுலகுக்கு அது பெரும்பேறு. பணம் கொடுத்த அரசுக்கோ, பழையது முடியாதிருக்கப் புதியதைப் பற்றிப் பேசும் ஒருவராகவே அவர் தென்பட்டார். 17,000 பவுணுக்கும் மேற்பட்ட தொகை செலவாகிய நிலையில், 1842ஆம் ஆண்டில் பிரதமர் சேர் ரொபேர்ட் பீலின் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது.

இவ்வேளையில் சுவீடன் நாட்டின் ஜோர்ஜ் ஷூட்ஸும் அவர் மகன் எட்வேர்டும், பபேஜின் பொறியைப் பற்றிய கட்டுரையொன்றினால் தூண்டப்பட்டு, எளிமையான வித்தியாசப் பொறியொன்றை 1853ஆம் ஆண்டில் முழுமையாகச் செய்துமுடித்தனர். பொறாமைப்படுவதற்குப் பதிலாக பபேஜ் அவர்களை மனமுவந்து ஆதரித்தமை அவரது பெருந்தன்மையைக் காட்டுகின்றது. பின்னர் அதே பிரித்தானிய அரசு ஷூட்ஸ் பொறியின் பிரதியொன்றைச் செய்வித்துப் பயன்படுத்தியமை காலத்தின் விசித்திரம்.

1871ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி பபேஜ் காலமானார். அவரது பொறிகளுள் ஒன்றேனும் அவர் வாழ்நாளில் நிறைவுறவில்லை. 1991ஆம் ஆண்டில் இலண்டன் விஞ்ஞான அருங்காட்சியகம், அவரது இரண்டாம் வித்தியாசப் பொறியின் கணிப்புப் பகுதியை, அவர் காலத்தில் எட்டக்கூடியதாயிருந்த நுட்ப அளவுக்குள்ளேயே செய்து இயக்கிக் காட்டியது. வரைபடம் சரியாகவே இருந்தது. அதைச் செய்யும் திறனும் அன்றே இருந்தது. கணக்குப் பார்க்கும் பற்சக்கரங்களை இணைக்கத் தெரிந்த அம்மேதைக்கு, மனிதரை இணைத்து வைத்திருப்பதே இயலாமற் போயிற்று. வல்லுநர்களை வேலைக்கு அமர்த்தும் எவரும், இயந்திரத்தைக் குறைகூறுமுன் இதனை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.