வேகத்திற்குக் கடிவாளமிட்ட ஜேம்ஸ் வாட்

கவர்னர் என்றவுடன் நம்மில் பலருக்குக் கிண்டி மாளிகைதான் நினைவுக்கு வரும். ஆனால் சிவகாசியில் பட்டாசு லாரி ஓட்டும் அண்ணன்மாரிடம் அச்சொல்லைச் சொன்னால், வண்டியில் பொருத்தியிருக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றியே பேசுவார்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 118ஆவது விதி 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி லாரி, பேருந்து போன்றவை மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாதவாறு இக்கருவி தடுக்க வேண்டும். பள்ளிப் பேருந்து, டேங்கர், அபாயகரமான பொருள்களை ஏற்றும் வண்டி ஆகியவற்றிற்கு எல்லை 60 கிலோமீட்டர். பட்டாசு லாரி இக்கடைசி இனத்தைச் சேர்ந்தது.

ஓட்டத் தெரிந்தவனின் காலைக் கட்டிப்போடலாமா, அது அவனுடைய உரிமையைப் பறிப்பதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விடை தேடி, இக்கருவியின் மூதாதையைச் செய்தளித்த ஜேம்ஸ் வாட்டின் வரலாற்றைப் படித்தேன். படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இளமையும் உழைப்பும்

ஸ்காட்லாந்தின் கிரீனாக் என்னும் துறைமுக ஊரில் 1736இல் வாட் பிறந்தார். உடல் நலம் குன்றிய பிள்ளை. ஆனால் கணக்கிலும் கைவேலையிலும் கெட்டிக்காரர். லண்டனில் ஓராண்டு கருவிகள் செய்யப் பழகிவிட்டுக் கிளாஸ்கோவில் தொழில் தொடங்க முயன்றார். முறைப்படி ஏழாண்டு தொழில் பயிலாதவர் என்று அவ்வூர்த் தொழிலாளர் சங்கம் இடம் தரவில்லை. கைகொடுத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகம். 1757இல் தன் வளாகத்திலேயே அவருக்கு ஒரு பட்டறை அமைத்துக் கொடுத்தது.

கெட்டில் மூடி ஆடியதைக் கண்டு வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று சிறு வகுப்பில் படித்திருக்கிறோம். உண்மை அதுவன்று. நியூகோமன் செய்த இயந்திரம் 1712 முதலே சுரங்கங்களில் நீர் இறைத்து வந்தது. அதன் மாதிரி ஒன்று பழுது பார்க்க வந்தபோது, அது நிலக்கரியை வீணாக்குவதை வாட் கண்டார். நீராவியைத் தனிக் கலத்தில் குளிர வைக்கும் முறையை 1765இல் கண்டறிந்து, 1769இல் காப்புரிமை பெற்றார். 1775இல் பர்மிங்காம் தொழிலதிபர் மாத்யூ போல்டனுடன் கூட்டுச் சேர்ந்த பிறகே அவருக்கு நல்ல காலம் பிறந்தது.

கவர்னர் வந்த கதை

சுரங்கத்தில் நீர் இறைக்கும்போது இயந்திரம் சற்று வேகம் கூடினாலும் குறைந்தாலும் கேடில்லை. மாவு மில்லிலும் நூற்பாலையிலும் அப்படி விட முடியாது. 1788இல் லண்டன் ஆல்பியன் மாவு மில்லுக்குச் சென்ற போல்டன், அங்கே திரிகைக் கற்களின் இடைவெளியைச் சரிசெய்யும் சுழல் கருவி ஒன்றைப் பார்த்து வாட்டுக்கு எழுதினார். வாட் அதனை நீராவி இயந்திரத்திற்கு ஏற்றவாறு மாற்றியமைத்தார். காற்றாலைக்காரர்கள் முன்பே அறிந்திருந்த முறை என்பதால் அவர் அதற்குக் காப்புரிமை கோரவில்லை.

அது வேலை செய்யும் விதம் எளியது. பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் சங்கிலி ராட்டினம் வேகமெடுக்கும்போது இருக்கைகள் வெளியே விரிந்து உயர்வதைப் பார்த்திருக்கிறோம். அதுபோலவே இயந்திரம் விரைந்தால் இரண்டு இரும்புக் குண்டுகள் விரிந்து உயரும். நீராவி வால்வு சற்று மூடும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழும்; வால்வு திறக்கும். நம் ஊர்ச் சங்குசக்கரம் மருந்து தீரும்வரை தன்போக்கில் சுற்றும். வாட்டின் இயந்திரமோ தன்னைத் தானே அடக்கிக்கொள்ளக் கற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று அந்தக் குண்டுகள் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தவன் மனிதன், குண்டுகள் அதைக் காத்தன, அவ்வளவே.

மற்றொரு கடிவாளம்

வாட் இன்னொரு கடிவாளமும் இட்டார். அவரிடம் வேலை பார்த்த வில்லியம் மர்டாக் 1784இல் நீராவியால் ஓடும் சிறு வண்டி மாதிரி ஒன்றைச் செய்தார். உயர் அழுத்த நீராவியால் கொதிகலன் வெடிக்கும் என்று அஞ்சிய வாட் அதை ஊக்குவிக்கவில்லை. மர்டாக் சுரங்க வேலையை விட்டுவிடக் கூடாதே என்ற கவலையும் முதலாளிகளுக்கு இருந்தது. வாட்டின் காப்புரிமை 1800இல் முடிந்தது. மறு ஆண்டே டிரெவிதிக் உயர் அழுத்த நீராவி வண்டியைச் சாலையில் ஓட்டிக் காட்டினார். வெடிமருந்தோடு வாழும் நம் பகுதியினருக்கு வாட்டின் அச்சம் புரியும். ஆயினும் இயந்திரத்தை ஓடவிட்டே அடக்கியது கவர்னர். வண்டியை ஓடவே விடாமல் தடுத்தது முதலாளியின் விருப்பம். இவ்விரண்டும் ஒன்றல்ல.

1819இல் வாட் மறைந்தார். மின்திறனை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்குரிய பாடம்

சிவகாசியிலிருந்து சென்னை ஏறத்தாழ 540 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே சென்றாலும் ஒன்பது மணி நேரம் ஆகும். தீபாவளிச் சரக்கு ஏழு மணி நேரத்தில் சேர வேண்டும் என்று வியாபாரி நெருக்கினால், ஓட்டுநர் கருவியைக் கழற்றத்தான் நினைப்பார். அப்போது அவர் சுதந்திரத்தைப் பறிப்பது கருவியா, அந்தக் கெடுவா? கெடுவே என்பது என் துணிபு. வண்டி அதற்குமேல் போகாது என்று சொல்ல அவருக்குத் துணை நிற்பதும் அக்கருவிதான். ஆனால் இறக்கத்தில் வண்டியைப் பிடிப்பதும், குறுக்கே வரும் பிள்ளையைக் கண்டு ஒதுங்குவதும் இன்றும் ஓட்டுநரின் காலும் கண்ணுமே. அந்தக் கண் தூங்காதிருக்க ஓய்வு வேண்டும்.

ஆகவே நண்பர்களே, வண்டிக்குக் கவர்னர் பொருத்தினால் போதாது; சரக்கு அனுப்புவோரின் அவசரத்திற்கும் ஒரு கவர்னர் வேண்டும். நாளை நம்மில் சிலர் அலுவலராகவும் வியாபாரியாகவும் அமர்வோம். கெடு குறிக்கும் பேனா நம் கைக்கு வரும்போது, 60 கிலோமீட்டர் கணக்கில் நேரம் குறிப்போமாக!